நோண்டும் கையும் நுணுக்க விரலும்

தமிழில் ‘நோண்டு’ என்ற வினைக்கு நல்ல பெயர் இல்லை. புண்ணை நோண்டுவது, மூக்கை நோண்டுவது, அடுத்த வீட்டுக் கதையை நோண்டுவது என்று அது போகிற இடமெல்லாம் முகச்சுளிப்புதான். ஓரிடத்தில் மட்டும் அந்தச் சொல்லுக்கு ஒரு மறைமுக மரியாதை உண்டு. பையன் ஒருவன் பழைய ரேடியோவையோ கைபேசியையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், “எந்நேரமும் எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கான்” என்று அம்மா சொல்வாள். அதில் புகாரைவிடப் பெருமை அதிகம். அதே வீட்டுப் பெண்பிள்ளையிடம் அந்தச் சொல் வேறு வடிவில் வந்து சேரும்: “நோண்டாதே, கெட்டுப் போயிரும்.” ஆணுக்கு அது தொடர்ந்து நிகழும் வினை. பெண்ணுக்கு அது எதிர்மறை ஏவல். இலக்கணத்தில் இருக்கும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைக் கணினியின் வழியாகப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை.

கணினியின் வழியாக என்றால், மென்பொருள் எழுதும் பெரிய நிறுவனங்களின் வழியாக அல்ல. சிஸ்டம் அட்மின் என்று நாம் அழைக்கும், கணினிகளைப் பராமரிக்கும் ஆளின் வேலை வழியாக. லினக்ஸ் ஓடும் கணினி ஒன்றைப் பார்த்துக்கொள்பவரின் ஒரு நாள் எப்படி இருக்கும்? வட்டு நிரம்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பதிவேடுகளைப் படித்து இரவில் எது தடுமாறியது என்று கண்டுபிடிக்க வேண்டும். நகல் எடுத்து வைக்க வேண்டும், எடுத்த நகல் உண்மையில் திறக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். யார் எந்தக் கோப்பைப் படிக்கலாம், யார் எழுதலாம் என்று அனுமதி வகுக்க வேண்டும். அச்சிடும் கருவி ஏன் மறுக்கிறது, வைஃபை ஏன் மூன்றாவது அறைக்குப் போகவில்லை என்று பார்க்க வேண்டும். கருவிகளின் உள்ளே புகுந்து, ஒன்றை மாற்றிப் பார்த்து, கெட்டால் பழையபடி வைத்து, மீண்டும் மாற்றிப் பார்ப்பதுதான் இந்த வேலை. ஒழுங்காகச் செய்தால் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் செய்யாவிட்டால் எல்லோருக்கும் தெரியும். இந்த விவரிப்பைப் படிக்கும் எந்தப் பெண்ணுக்கும் தன் சமையலறை நினைவுக்கு வரும். ஆனாலும் வரலாற்றில் இந்த வேலை ஆணின் வேலையாக நின்றுவிட்டது. எப்படி?

மங்கலத்தில் ஸ்பேனர் யார் கையில்?

திருப்பூருக்கு மேற்கே, நொய்யல் ஓரம் இருக்கிறது மங்கலம். சோமனூர், பல்லடம், அவிநாசி, தெக்கலூர் என்று விரியும் விசைத்தறி வட்டாரத்தில் அதுவும் ஓர் ஊர். கூலிக்கு நெய்து கொடுக்கும் தறிக்கூடங்கள் ஒரு பக்கம், திருப்பூரை நெருங்க நெருங்கப் பனியன் கம்பெனிகள் மறுபக்கம். இயந்திரத்தின் சத்தம் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இங்கே ஏராளம். பெண்கள் இயந்திரத்துக்கு அந்நியர்கள் என்ற பேச்சு இந்த ஊரில் எடுபடாது. தார் சுற்றுவது பெண், பாவு பிணைப்பதில் பெண், தறி ஓட்டுவதிலும் பெண் உண்டு. பனியன் கம்பெனியில் கைமடி, செக்கிங், டேமேஜ் பார்ப்பது, பிசிறு வெட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். ஓவர்லாக், பேட்லாக் மெஷினிலும் வரிசையாகப் பெண்கள்.

ஆனால் மெஷின் நின்றால் காட்சி மாறும். அதன் முன் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பவள் எழுந்து ஒதுங்கி நிற்பாள். ஸ்பேனரோடு பிட்டரோ மெக்கானிக்கோ வருவார். எந்தச் சத்தம் மாறியபின் நூல் அறுந்தது, எந்த மிதியில் ஊசி தட்டுகிறது என்பது அவளுக்குத் தெரியும். திறக்கும் உரிமை அவருக்கு. பீஸ் ரேட்டில் தைப்பவளுக்கு அந்தக் காத்திருப்பு நேரடியான கூலி இழப்பு. நோண்டும் உரிமை இல்லாமல் போவதற்கு ஒரு விலை உண்டு என்பதை மங்கலத்துப் பெண்கள் கணக்குப் போட்டே சொல்வார்கள்.

இந்த ஏற்பாடு இயல்பாக அமைந்ததல்ல. திருப்பூரின் தொழில் வளர்ச்சியை ஆராய்ந்து சாரத் சாரி 2004இல் வெளியிட்ட ‘ஃபிரட்டர்னல் கேப்பிடல்’ என்ற நூல் இதை விரிவாகப் பேசுகிறது. விவசாயப் பின்னணியிலிருந்து தொழிலாளர்களாக வந்த ஆண்கள், குறிப்பாகக் கவுண்டர் சமூகத்தவர், எப்படி முதலாளிகளாக மாறினார்கள் என்பதே அவர் கேள்வி. ‘உழைப்பால் உயர்ந்தோம்’ என்று அவர்கள் சொல்லும் கதையை அவர் கவனமாகக் கேட்கிறார். அந்த உழைப்பு எல்லோருக்கும் மூலதனமாக மாறவில்லை என்பதையும் காட்டுகிறார். ஏற்றுமதி பெருகிய காலத்தில் பெண்கள் பெருந்திரளாக உள்ளே வந்தார்கள். அவர்களும் உழைத்தார்கள். அந்த உழைப்பு அவர்களை உரிமையாளராக்கும் ஏணியாக அமையவில்லை. ஸ்பேனர் பிடித்த கை ஒரு நாள் பட்டறை வைக்கலாம். பிசிறு வெட்டிய கைக்கு அடுத்த படி என்று ஒன்று வைக்கப்படவில்லை.

விரலுக்கு ஒரு புகழ்மாலை

“பொம்பளைப் பிள்ளைகளுக்கு விரல் நுணுக்கம், பொறுமையும் ஜாஸ்தி.” செக்கிங் மேஜையில் ஏன் பெண்கள் என்று கேட்டால் கிடைக்கும் பதில் இது. உலகம் முழுவதும் தொழிற்சாலைகள் இதே பதிலைச் சொல்லியிருக்கின்றன. டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு பெண்ணியப் பொருளியல் அறிஞர்கள் 1981இல் ‘ஃபெமினிஸ்ட் ரிவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரையில் இந்தப் புகழ்மாலையை அவிழ்த்துப் பார்த்தார்கள். அந்த விரல் நுணுக்கம் பிறவியில் வந்ததல்ல. சிறு வயதிலிருந்து அம்மாக்களும் பாட்டிகளும் வீட்டுக்குள் கொடுத்த பயிற்சி அது. வீட்டுக்குள் நடந்த பயிற்சி யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் அது திறமையாக எண்ணப்படாமல் இயற்கையாக எண்ணப்படுகிறது. இயற்கைக்கு யாரும் கூடுதல் கூலி கொடுப்பதில்லை.

கணினியின் வரலாறும் இந்த விரல்களின் மேல்தான் எழுந்தது. நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலத்தின் கணினிக்கு நிரல்கள் கம்பியால் நெய்யப்பட்டன. காந்த வளையத்தின் உள்ளே கம்பி போனால் ஒன்று, வெளியே போனால் பூச்சியம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரேதியான் நிறுவனத்தின் ஆலையில் அதை ஊசியில் கோத்து நெய்தவர்கள் பெண்கள். அவர்களில் நெசவாலைகளில் வேலை செய்து வந்தவர்களும் உண்டு. ஒரு கம்பி தவறினாலும் நிரல் பிழைக்கும். அந்த நினைவகத்துக்குப் பொறியாளர்கள் வைத்த செல்லப் பெயர் ‘கிழவிகளின் நினைவகம்’ என்ற பொருள் தருவது. 1965இலிருந்து 1975 வரை நியூ மெக்சிகோவின் ஷிப்ராக்கில் நவஹோ பழங்குடிப் பெண்கள் ஃபேர்சைல்ட் நிறுவனத்துக்குச் சில்லுகள் செய்தார்கள். நிறுவனத்தின் விளம்பர வெளியீடு அவர்களது கம்பள நெசவோடு சில்லின் வடிவத்தை ஒப்பிட்டுப் புகழ்ந்தது. லிசா நாகமுரா இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நெசவுப் பெண்ணின் விரலை எடுத்துக்கொண்ட தொழில்நுட்பம் அவளிடம் திருப்புளியைக் கொடுக்கவில்லை.

நுணுக்க விரலும் நோண்டும் கையும் ஒரே உடலில் இருப்பவை. மேற்பார்வையாளரின் பார்வைக்குக் கீழே, சொன்னதை மட்டும் செய்தால் அது விரல். தானே திறந்து, தானே தவறி, தானே கண்டுபிடித்தால் அது கை. முதலாவதற்குப் பெயர் ‘லாவகம்’. இரண்டாவதற்குப் பெயர் ‘அறிவு’. இந்தப் பெயர்மாற்றத்தில்தான் கூலியும் பதவியும் தங்கியிருக்கின்றன.

கையேடு இல்லாத எந்திரம்

கை கொடுக்கப்பட்டபோது என்ன நடந்தது என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 1946 பிப்ரவரியில் அமெரிக்கா ஈனியாக் என்ற கணினியை உலகுக்குக் காட்டியது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட, ஓர் அறையை அடைத்துக்கொண்ட எந்திரம். அதை இயக்க நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். அவர்களிடம் கையேடு எதுவும் இல்லை. மின்சுற்று வரைபடங்களைக் கொடுத்து, ‘இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள்’ என்று விட்டுவிட்டார்கள். கம்பிகளை மாற்றிச் செருகி, பழுதான ஒற்றைக் குழாயைத் தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்கு எந்திரத்தை அவர்கள் கற்றார்கள். இன்று நாம் சிஸ்டம் அட்மினின் வேலை என்று சொல்வதில் பாதியை அவர்கள் அன்றே செய்துவிட்டார்கள். அறிமுக விழாவுக்குப் பின் நடந்த விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பு இல்லை. 1980களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி பழைய புகைப்படங்களைக் காட்டி ‘இந்தப் பெண்கள் யார்?’ என்று விசாரித்தபோது, எந்திரம் அழகாகத் தெரிவதற்காக நிறுத்தப்பட்ட மாடல்கள் என்று அவருக்குப் பதில் வந்தது. குளிர்பதனப் பெட்டி விளம்பரத்தில் பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் போல.

நிரல் மொழிகளின் முன்னோடியான கிரேஸ் ஹாப்பரின் சிறுவயதுக் கதை ஒன்று உண்டு. ஏழு வயதில், அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களையும் அவர் பிரித்துப் போட்டார். அம்மா கடைசியில் விதித்த கட்டுப்பாடு இதுதான்: இனி ஒரு கடிகாரத்தை மட்டும் பிரிக்கலாம். அவள் ‘நோண்டாதே’ என்று சொல்லவில்லை. அளவு வைத்தாள், அனுமதியும் வைத்தாள். கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று ஒரு கடிகாரத்தை ஒதுக்கும் வசதி அந்த வீட்டில் இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

லினக்ஸின் முன்னோடி யூனிக்ஸ். அதைப் பராமரிப்பதற்கான பாடநூல் ஒன்று 1989இல் வெளிவந்தது. சிஸ்டம் அட்மின்கள் தலைமுறை தலைமுறையாக மேஜையில் வைத்திருக்கும் நூல் அது. அதன் முதல் ஆசிரியர் ஒரு பெண். ஈவி நெமத், 1940இல் பிறந்தவர், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், கொலராடோ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கற்பித்தவர். இளையவர்கள் இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய அந்தக் கையேடு, பின்னர் 2002இல் லினக்ஸுக்கான தனி நூலாகவும் வளர்ந்தது. வட்டு, அஞ்சல், நகல், அச்சுக்கருவி என்று அன்றாடத் தொல்லைகளை வரிசைப்படுத்தி, ஏட்டறிவைக் காட்டிலும் பட்டறிவிலிருந்து பேசும் நூல் அது. பணியிட அரசியலைச் சமாளிப்பதையும் அதில் ஒரு பாடமாக வைத்திருந்தார்.

அவர் கற்பித்த முறை நமக்கு முக்கியம். துறையின் உண்மையான கணினிகளை இளங்கலை மாணவர்களிடமே ஒப்படைத்தார். உண்மையான எந்திரம், உண்மையான பயனர்கள், உண்மையான தவறுகள். கெடுத்தால் சரிசெய்யவும் கற்பார்கள் என்ற நம்பிக்கையின் மேல் நின்ற ஆய்வகம் அது. ஓய்வுக்குப் பின் அவர் சொந்தப் படகில் கடலோடினார். 2013 ஜூனில், நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன ‘நீன்யா’ என்ற பாய்மரக் கப்பல் புயலில் காணாமல் போனது. அதிலிருந்த எழுவரில் அவரும் ஒருவர். புயலிலிருந்து விலக எந்தத் திசையில் செல்லலாம் என்று செயற்கைக்கோள் தொலைபேசியில் வானிலை அறிஞர் ஒருவரிடம் கேட்டவர் அவர்தான். கணினி படிக்கும் நம் மாணவிகள் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

பாஸ்தாவை யார் வேகவைத்தார்கள்?

1991 ஆகஸ்டில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும், அது வெறும் பொழுதுபோக்கு என்றும் உலகுக்கு அறிவித்தார். அப்போது அவருக்கு 21 வயது. பத்திரிகையாளரான அம்மாவின் வீட்டில், தன் அறையில், சொந்தமாக வாங்கிய கணினியில் இரவும் பகலும் அதை எழுதினார். ஓர் ஒதுக்கறையும் நல்ல கணினியும் கொடுத்து, கொஞ்சம் பாஸ்தாவையும் போட்டுவிட்டால் பையனுக்கு வேறெதுவும் வேண்டாம் என்று அம்மா வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

லினக்ஸ் உலகின் மிகப் பெரிய கூட்டு உழைப்புகளில் ஒன்று. மூலநிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற அதன் கொள்கை நாம் கொண்டாட வேண்டியது. அந்தக் கொள்கை ‘யாரும்’ என்று சொல்லும்போது, அந்த யாரோ ஒருவருக்குத் தனி அறையும், தனிக் கணினியும், வேறொருவர் சமைத்த உணவும், கேள்வி கேட்கப்படாத இரவுகளும் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லில் பொழுது என்ற சொல் இருக்கிறது. போக்குவதற்குப் பொழுது இருப்பவரே பொழுதுபோக்க முடியும்.

இதை லினக்ஸ் உலகத்துக்குள் இருந்த பெண்களே முதலில் சொன்னார்கள். 1990களின் கடைசியில் டெப் ரிச்சர்ட்சன் ‘லினக்ஸ்சிக்ஸ்’ என்ற பெண்கள் குழுவைத் தொடங்கினார். லினக்ஸ் கருநிரலில் வேலை செய்த வேல் ஹென்சன், பெண்களை லினக்ஸுக்கு வரவேற்பது எப்படி என்று 2002இல் ஒரு வழிகாட்டி எழுதினார். அதில் மிக எளிய அறிவுரை ஒன்று: பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவள் கையிலிருந்து விசைப்பலகையைப் பிடுங்காதீர்கள். அதே ஆண்டில் ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் வெளியிட்ட நூல், குடும்பக் கணினி பெரும்பாலும் மகனின் அறைக்கே போய்ச் சேர்கிறது என்று காட்டியது. 2006இல் நோம் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கோடைப் பயிற்சிக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. உடனே பெண்களுக்கென்று தனி அழைப்பு விடுத்தார்கள். ஏறத்தாழ நூறு விண்ணப்பங்கள் வந்தன. பெண்கள் இல்லை என்று சொல்லப்பட்ட இடத்தில், ‘வாருங்கள்’ என்ற ஒரு சொல்தான் இல்லாமல் இருந்தது.

இந்தியாவின் நிலைமை கொஞ்சம் வேறு. இங்கே கணினி அறிவியல் வகுப்பறைகளில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். ரோலி வர்மாவின் ஆய்வுகள் இதற்கான காரணத்தைச் சொல்கின்றன: வெயில் படாத, நான்கு சுவருக்குள்ளே, மேஜை முன் அமர்ந்து செய்யும் ‘பாதுகாப்பான’ வேலையாகக் கணினி நம் குடும்பங்களுக்குத் தோன்றியிருக்கிறது. பெண்கள் உள்ளே வந்ததற்கான இதே காரணம் அவர்களை ஓரிடத்தில் நிறுத்தியும் வைக்கிறது. மேஜைக்கு மேலே இருக்கும் திரை பெண்ணுக்கு. மேஜைக்குக் கீழே ஓடும் கம்பிகள் ஆணுக்கு. கல்லூரி ஆய்வகத்தில் மாணவியின் திரை உறைந்துபோனால் யாராவது வந்து, “நகரு புள்ள, நான் பண்றேன்” என்று விசைப்பலகையை வாங்கிக்கொள்வது இன்றும் நடக்கிறது. தறிக்கூடத்தில் அவள் அம்மா எழுந்து ஒதுங்கி நின்ற அதே அசைவு.

வீட்டுக்கு வந்த பாஸ்

தமிழ்நாட்டில் லினக்ஸுக்கு அரசு வழியாகவே ஒரு வரலாறு உண்டு. 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம், அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையத்தையும் சென்னை சி-டாக் நிறுவனத்தையும் மையமாகக் கொண்டு அமைந்தது. 2006 முதல் எல்காட் நிறுவனம், அப்போது அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கரின் முயற்சியில் லினக்ஸுக்கு மாறத் தொடங்கியது. 2007 ஜனவரியில் சி-டாக் ‘பாஸ்’ இயங்குதளத்தை வெளியிட்டது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்கும் லினக்ஸ். திருப்பூரில் ‘பாஸ்’ என்றால் கம்பெனி முதலாளி. அந்தப் பெயரோடு ஓர் இயங்குதளம் கைமடிப் பெண்ணின் வீட்டுக்குள் வரும் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். வந்தது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை படிப்பவர்கள், கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்கள் என்று லட்சக்கணக்கானவர்களுக்கு மடிக்கணினி கிடைத்தது. அதில் விண்டோஸோடு பாஸும் இருக்க வேண்டும் என்று கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் குரல் கொடுத்தார்கள். மாணவர்களின் கைக்கு வந்த கணினிகளில் இரண்டும் இருந்தன. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வரும், எதில் நுழைவது என்று கேட்கும்.

இந்தத் திட்டத்தைத் தேர்தல் இலவசம் என்று கேலி செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. தமிழ்நாட்டின் ஏழை வீடுகள் பலவற்றில் மகளின் பெயரிலேயே ஒரு கணினி வந்தது. தையல் மெஷின் அம்மாவுக்கு வந்திருக்கலாம். மிக்சியும் கிரைண்டரும் குடும்ப அட்டைக்கு வந்தவை. மடிக்கணினி படிக்கும் பெண்ணின் கையெழுத்துக்கு வந்தது. அண்ணன் எடுத்துக்கொண்ட வீடுகள் உண்டு. விற்கப்பட்ட செய்திகளும் வந்தன. கடைக்கு எடுத்துப் போய், ‘இடத்தை அடைக்குது’ என்று பாஸை அழித்துவிட்டு வந்தவையும் பல. கடைக்கு எடுத்துப் போனது யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவள் இல்லை.

ஆனாலும் சில வீடுகளில் அந்தக் கறுப்புத் திரை ஒரு கதவாக இருந்தது. அழியாமல் விட்ட பாஸில் நுழைந்து, தமிழில் மெனு வருவதைப் பார்த்து, முனையத்தைத் திறந்து, ஒரு கட்டளை தட்டிப் பார்த்த பெண்கள் உண்டு. கெட்டால் மறுபடி நிறுவிக்கொள்ளலாம், அதற்குக் காசு வேண்டியதில்லை என்பதுதான் லினக்ஸ் ஓர் ஏழை மாணவிக்குத் தரும் பெரிய சுதந்திரம். ஹாப்பரின் அம்மா ஒதுக்கிய அந்த ஒரு கடிகாரம் இதுதான்.

கற்றுக்கொள்ள மொழியும் வேண்டும். 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதியது. அதில் எழுதிய து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைசீக்வல்’ போன்ற நூல்கள் யாரும் இலவசமாகப் பதிவிறக்கிப் படிக்கும் உரிமத்தோடு வந்தன. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, கல்லூரியில் திடீரென்று ஆங்கிலத்தில் மூழ்கும் மாணவிக்கு, தரவுத்தளத்தை நிறுவிப் பார்க்கும் படிகளை ஒரு பெண் தமிழில் எழுதித் தந்திருக்கிறார் என்பது சிறிய செய்தி அல்ல. இலக்கிய வரலாறு எழுதும் நாம் கையேடுகளைக் கணக்கில் கொள்வதில்லை. சமையல் குறிப்புகளை நெடுங்காலம் கணக்கில் கொள்ளாமல் இருந்ததும் நாம்தான்.

இரவு யாருடையது?

எந்திரமும் மொழியும் கிடைத்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது: இரவு. சிஸ்டம் அட்மினின் முக்கியமான வேலைகள் இரவில் நடப்பவை. பயனர்கள் தூங்கும்போதுதான் சர்வரை நிறுத்தலாம், புதுப்பிக்கலாம். தானே கற்றுக்கொள்வதும் பெரும்பாலும் இரவில்தான். நம் ஊரில் பெண்ணின் இரவுக்குச் சட்டமே பூட்டுப் போட்டிருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, இரவு ஏழு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை பெண்கள் ஆலையில் வேலை செய்வதைத் தடுத்தது. வசந்தா எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்பு, போக்குவரத்து, ஓய்வு உள்ளிட்ட நிபந்தனைகளையும் வகுத்தது. கணினித் துறைப் பெண்களின் இரவைப் பற்றிப் பேசும்போது, அந்தப் பூட்டை உடைத்த வழக்கு பஞ்சாலைகளிலிருந்து வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் ஆலையில் இரவு திறந்ததும், வேறொரு கதவு சாத்தப்பட்டது. இந்த வட்டாரத்தின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர் பெற்ற ஏற்பாட்டில், மூன்றாண்டு வேலைக்குப் பின் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதிகளில் சேர்த்தார்கள். 2011இல் வெளிவந்த சர்வதேச ஆய்வறிக்கைகள் அந்த விடுதிகளில் வெளியே போகவும் கைபேசி வைத்திருக்கவும் இருந்த தடைகளைப் பதிவு செய்தன. உற்பத்திக்காக அவள் இரவு முழுவதும் விழித்திருக்கலாம். தனக்காக ஒரு கருவியைக் கையில் வைத்திருக்க முடியாது. இரவு உரிமை என்பது இரவில் வேலை வாங்கப்படும் உரிமையாக மட்டும் சுருங்கினால், அதில் பெண்ணுக்குக் கிடைப்பது களைப்புதான்.

மூலப் பயனர்

இன்றைய மங்கலத்தில் லினக்ஸ் இல்லாத இடத்தைத் தேடுவது கடினம். எல்லோர் கையிலும் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசியின் கருவில் ஓடுவது லினக்ஸ். கடைகளிலும் கம்பெனிகளிலும் சுவரில் மாட்டிய வைஃபை பெட்டிகள் பலவற்றில் லினக்ஸ். கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டி, விரல்ரேகை வைத்து வருகை பதியும் கருவி என்று பலவற்றில் அதே லினக்ஸ். யாரும் திறந்து பார்க்கலாம் என்ற கொள்கையோடு பிறந்த ஒன்று, பூட்டப்பட்ட பெட்டிகளாக ஊரெங்கும் பரவியிருக்கிறது. செக்கிங் மேஜைக்கு மேலே இருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதும், காலையில் அவள் விரலை ஒற்றி நேரம் குறிப்பதும் அதுவாகவே இருக்கலாம். அங்கே லினக்ஸ் அவள் விரலைக் கேட்கிறது, கையைக் கேட்கவில்லை.

லினக்ஸில் எல்லா அனுமதியும் கொண்ட பயனருக்கு ‘ரூட்’ என்று பெயர். தமிழில் மூலப் பயனர் என்கிறோம். பிறர் பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் எல்லை வகுப்பது அந்தப் பயனர். அந்த அதிகாரத்தோடு எந்திரத்தின் முன் உட்காரப் பெண்ணுக்கு என்ன தேவை என்பதை இந்த வரலாறு மூன்றாகச் சொல்கிறது. அவள் பெயரில் ஓர் எந்திரம். கேள்வி கேட்கப்படாத கொஞ்சம் பொழுது. கெடுத்துவிட்டால் ‘அப்பவே சொன்னேன்ல’ என்று யாரும் சொல்லாத ஒரு சூழல். ஈனியாக்கின் ஆறு பெண்களுக்கும் நெமத்தின் மாணவர்களுக்கும் கிடைத்தவை இவைதான். விரல் நுணுக்கத்தின் பெயரால் புகழப்பட்ட பெண்களுக்கு இவற்றில் ஒன்றும் கொடுக்கப்படவில்லை.

இவற்றில் எதுவும் எட்டாக் கனியல்ல. கல்லூரி ஆய்வகத்தில் பழைய கணினிகள் இரண்டை ஒதுக்கி, ‘இவை கெட்டுப்போவதற்காக’ என்று எழுதி ஒட்டலாம். ஆய்வகப் பராமரிப்பை மாணவிகளிடமே சுழற்சி முறையில் ஒப்படைக்கலாம். கற்றுக்கொடுப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகலாம். தையல் வரிசையில் இருக்கும் பெண்களுக்கு மெஷினின் டைமிங் பார்க்கப் பயிற்சி தரச் சொல்லிச் சங்கங்கள் கூலிப் பேச்சுவார்த்தையில் கேட்கலாம். அது கணினிக் கோரிக்கை இல்லைதான். ஆனால் தன் மெஷினைத் தானே திறந்து மூடும் அம்மாவைப் பார்த்து வளரும் மகள், ஆய்வகத்தில் “நகரு புள்ள” என்று யாராவது சொன்னால் எழுந்திருக்க மாட்டாள்.